சிடிக்கு முகம் எந்தப் பக்கம்?

சென்ற மாதம் ஒரு நாள் காலை, அடுப்பில் பாலை வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். வரிக் கணக்குப் போடும் மென்பொருள் ஒரு செய்தி காட்டியது. புதிய பதிப்பு தயாராக இருக்கிறது, இறக்கிக்கொள்ளலாமா என்று கேட்டது. சரி என்று அழுத்தினேன். பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக ஓடியது. பால் பொங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பட்ஜெட்டில் மாறியவை, புதிய படிவங்கள், புதிய விகிதங்கள் அத்தனையும் எங்கிருந்தோ கிளம்பிக் குன்றத்தூரில் என் சமையலறை மேடைக்கு வந்து சேர்ந்துவிட்டன. அடுப்பை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். இந்தத் தொழிலுக்கு வந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் எனக்கு இது பழகவில்லை.

என் கை மட்டும் பழைய ஞாபகத்தில் மடிக்கணினியின் பக்கவாட்டைத் தடவிப் பார்த்தது. சிடி போடும் தட்டு வெளியே வருமே, அந்த இடத்தை. இந்த மாடலில் அது கிடையாது. வழவழவென்று இருக்கிறது. கடையில் வாங்கும்போதே அந்தப் பையனிடம் "சிடி எங்கே போடறது?" என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

புது சிடியின் உறையைப் பிரித்தால் ஒரு வாசனை வரும், உங்களுக்கு நினைவிருக்கிறதா? புது மழைக்கோட்டுக்கும் புதுச் செருப்புக்கும் நடுவில் ஒரு வாசனை. எனக்கு அந்த வாசனை என்றால் ஜூன் மாதம்தான். நான் அப்போது ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்த்தேன். பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம், டைல்ஸ் கடை மாடி, இரண்டு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். முதலாளியை நான் சார் என்பேன், ஊரே அவரை ஆடிட்டர் என்றது. உண்மையில் அவர் ஆடிட்டர் இல்லை, வரி ஆலோசகர். பெயர்ப் பலகையில் அப்படித்தான் போட்டிருந்தது. வாயால் ஆடிட்டர் என்று கூப்பிடுகிறவர்களை அவர் திருத்தியதும் இல்லை.

காலையில் குன்றத்தூரில் பஸ் ஏறுவேன். வழியெல்லாம் கம்பெனி பஸ்கள். எதிரே புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு நீளமான லாரிகள் போகும். யாரும் இன்னும் உட்காராத கார்கள். ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி பளபளக்கும். நான் பிறந்து வளர்ந்த பக்கத்தில், ஆடு மேய்ந்த தரையில் இதையெல்லாம் செய்கிறார்கள் என்பதை நம்ப எனக்குத் தினமும் ஒரு தடவை அந்த லாரியைப் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்துப் பார்த்து ஸ்டாப்பிங்கைத் தாண்டிப் போய் இறங்கிய நாட்களும் உண்டு.

அந்தக் கார்களைச் செய்கிறவர்களில் சிலர் எங்கள் மாடிப்படி ஏறி வருவார்கள். கம்பெனி கொடுத்த வரிச் சான்றைப் பேன்ட் பாக்கெட்டில் நாலாக மடித்து வைத்திருப்பார்கள். அதைப் பிரித்து, மேஜையில் தேய்த்து நிமிர்த்தி, கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்த மென்பொருளோ வருடத்துக்கு ஒரு முறை வடக்கே ஏதோ ஒரு ஊரிலிருந்து சிடியாக வரும். கொரியர் அண்ணன் அதைத் தட்டு என்பார். படி ஏறும்போதே குரல் கொடுப்பார்.

"யம்மா, தட்டு வந்துகீது. கையெழுத்து போடு."

சார் உடனே பஞ்சாங்கத்தைப் பார்ப்பார். ராகு காலம் என்றால் உறையைப் பிரிக்க விடமாட்டார். நல்ல நேரம் வந்ததும் நான் பிரித்து, சிடியை விளிம்பில் பிடித்து எடுப்பேன். சார் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். டெல்லியில் ஒரு மந்திரி மணிக்கணக்கில் படித்த பட்ஜெட், அதற்கு அப்புறம் வந்த திருத்தங்கள், வருமான வரிச் சட்டம் மொத்தமும் இந்தத் தோசைக்கல்லில் பாதி கூட இல்லாத தட்டுக்குள் எப்படி அடங்கியது என்று எனக்குப் பிரமிப்பாக இருக்கும். சாய்த்துப் பிடித்தால் வானவில் ஓடும். அந்த வண்ணக் கோடுகள்தான் சட்டப் பிரிவுகள் என்று முதல் வருடம் நிஜமாகவே நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை, அந்த மட்டில் தப்பித்தேன்.

அந்தப் பிரமிப்புதான் என்னை வம்பில் மாட்டிவிட்டது.

ஆயுத பூஜை எங்கள் பக்கம் பெரிய விசேஷம். கம்பெனி பஸ்களுக்கு வாழைக்கன்று கட்டுவார்கள். தொழிற்சாலைக்குள்ளே கார் பாகங்களைப் பற்றவைக்கிற ரோபோவுக்குக்கூட அன்றைக்குப் பொட்டு வைத்து மாலை போடுவார்களாம். வந்து சொல்லுவார்கள், நான் வாயைப் பிளந்து கேட்பேன். ரோபோவுக்கே உண்டென்றால் எங்கள் ஆபீசுக்கு இல்லாமலா? சார் பொரி, கடலை, பழம் எல்லாம் வாங்கி வைத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிடச் சொல்லி என்னிடம் விட்டார். கம்ப்யூட்டர், பிரிண்டர், ஸ்டேப்ளர், ரப்பர் ஸ்டாம்ப், கால்குலேட்டர் எல்லாம் ஆயிற்று. அப்போதுதான் சிடியின் நினைவு வந்தது. அடிப்படை ஆயுதமே அதுதானே.

உறையிலிருந்து எடுத்து சரஸ்வதி படத்தடியில் வைத்தேன். எந்தப் பக்கம் பொட்டு வைப்பது? ஒரு பக்கம் முழுக்க எழுத்து. எழுத்தின் மேல் சந்தனத்தை அப்பினால் சரஸ்வதிக்கே பொறுக்காது. மறுபக்கம் மினுங்கியது, பார்த்தால் என் முகமே தெரிந்தது. அதுதான் முகம் என்று முடிவு செய்தேன். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, அழகாக வட்டமாக ஒரு பொட்டு. அதன் நடுவில் குங்குமம். சார் கற்பூரம் ஏற்றும் மும்முரத்தில் இதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் வந்து எடுத்தபோது சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. துப்பட்டா முனையால் சுற்றிச் சுற்றித் துடைத்தேன், பாத்திரம் தேய்க்கிற மாதிரி. உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு மறந்தும் போனேன்.

அதற்கு அடுத்த வாரம் கரண்ட் போய் வந்து, போய் வந்து, கம்ப்யூட்டர் உட்கார்ந்துவிட்டது. ரிப்பேர்காரர் எடுத்துக்கொண்டு போய் இரண்டு நாளில் திருப்பிக் கொண்டு வந்தார். பழைய ஃபைல்கள் பத்திரமாக இருந்தன, மென்பொருள் மட்டும் போய்விட்டது. சார் அலட்டிக்கொள்ளவில்லை. சிடிதான் இருக்கிறதே, மறுபடி போட்டுக்கொண்டால் ஆச்சு என்றார்.

அன்று மதியம் முதல் ஷிஃப்ட் முடிந்த நேரத்துக்கு மாரிச்செல்வம் படியேறி வந்தார். கோவில்பட்டிப் பக்கம் சொந்த ஊர். இருங்காட்டுக்கோட்டையில் இன்னும் ஐந்து பேரோடு ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார். கார் கம்பெனியில் பெயின்ட் ஷாப்பில் வேலை. அடித்து வருகிற பெயின்ட்டில் தூசி, கீறல், கொப்புளம் எதுவும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுகிறவர். அவர் சரி என்றால்தான் வண்டி அடுத்த இடத்துக்கு நகரும். நான் தினமும் பஸ்ஸிலிருந்து வாயைப் பிளந்து பார்த்த பளபளப்பில் பாதி இவர் கண் பட்டதாகத்தான் இருந்திருக்கும்.

விஷயத்தைச் சொன்னார். அவர் பிரிவிலிருந்து இரண்டு பேரை ஒரு வருடப் பயிற்சிக்காக வெளிநாட்டிலுள்ள தாய்க் கம்பெனிக்கு அனுப்புகிறார்கள். இரண்டாவது பெயர் இவருடையது. விசாவுக்கு இரண்டு வருடத்து வரித் தாக்கல் ஒப்புகைச் சீட்டு வேண்டும். இவரோ ஒரு வருடம்கூடத் தாக்கல் செய்ததில்லை. சம்பளத்திலேயே வரியைப் பிடித்துக்கொண்ட பிறகு தாக்கல் என்று தனியாக ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. அன்று காலையில்தான் கேட்டிருக்கிறார்கள்.

"நாளைக்குக் காலைல ஏஜென்ட் வந்து ஃபைல வாங்கிட்டுப் போயிருவாகக்கா. இந்தப் பேப்பர் இல்லேன்னா அடுத்த ஆள் பேரு போயிரும். ஊர்ல இன்னும் யார்ட்டயும் சொல்லல."

இதிலென்ன இருக்கிறது, ஒரு மணி நேர வேலை என்றார் சார். நான் சிடியை எடுத்துப் போட்டேன். டிரைவ் சுற்றியது, முனகியது, நின்றது. படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. எடுத்துத் திரும்பப் போட்டேன். அதே முனகல். சார் எழுந்து வந்து, என்னை நகரச் சொல்லிவிட்டு அவரே போட்டார். ஆடிட்டர் போட்டாலும் அது அசையவில்லை.

மென்பொருள் கம்பெனிக்குப் போன் போட்டோம். அந்தப் பெண் புது சிடி அனுப்புவதாகச் சொன்னாள், வர நாலு நாள் ஆகும். அவசரமென்றால் லிங்க் அனுப்பட்டுமா, இறக்கிக்கொள்கிறீர்களா என்றாள். இறக்குவது என்ற சொல்லை இந்த அர்த்தத்தில் அன்றுதான் நான் கவனித்துக் கேட்டேன். எங்கள் பக்கம் இறக்குவது என்றால் லாரியில் வந்த மூட்டையை இறக்குவது. லிங்க்கை அழுத்தினால் மீதி நேரம் இருபத்தோரு மணி என்று காட்டியது. வெளியே தூறல் போட ஆரம்பித்தது. மழை என்றால் எங்கள் நெட் குடை இல்லாத ஆள் மாதிரி ஒதுங்கிக்கொள்ளும். அறுந்தது. திரும்ப வந்தபோது முதலிலிருந்து ஆரம்பித்தது.

அரசாங்கமே இலவசமாக ஒரு படிவம் வைத்திருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். நாங்கள் அதைத் தொட்டதே இல்லை. சும்மா கிடைப்பதில் கணக்குத் தப்பாக வரும் என்பது சாரின் கட்சி. எனக்கோ அதைத் திறக்கக்கூடத் தெரியாது. பக்கத்துத் தெருவில் இன்னொரு வரி ஆலோசகர் இருந்தார். சாருக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அன்றைக்கு மாரிச்செல்வத்துக்காக சார் அதையும் விழுங்கிக்கொண்டு போன் போட்டார். அவர்களிடம் இருந்தது வேறு மென்பொருள், எங்கள் ஆளுக்கு அன்றைக்கே போட்டுத் தர நேரமும் இல்லை என்றார்கள்.

சார் சிடியை வெளியே எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனார்.

"இன்னாம்மா இது, பூஞ்ச கட்னாப்பல கீது?"

கம்ப்யூட்டர் படிப்பது அந்த மினுங்குகிற பக்கத்தைத்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு ஆள் கடல் தாண்டிப் போவதற்கும் போகாமல் நிற்பதற்கும் நடுவில் என் சந்தனப் பொட்டு உட்கார்ந்திருந்தது. சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது, சாரின் கோபமும் கொஞ்சம் பிரசித்தம். நான் பிரிண்டரில் பேப்பரை அடுக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"குடுங்க சார், நான் பாக்கேன்" என்று மாரிச்செல்வம் கை நீட்டினார்.

ஜன்னலோரம் போய் நின்றார். சிடியை நேராகப் பார்க்கவில்லை. வெளிச்சத்துக்குக் குறுக்கே படுக்கப் போட்டு, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணைப் பாதி மூடிப் பார்த்தார். மெதுவாகத் திருப்பினார். அந்த ஒரு நிமிடம் அவர் வேறு ஆளாக இருந்தார். படபடப்போடு படியேறி வந்த முகம் எங்கே போனது என்று தெரியவில்லை. பிறகு சிடியை மூக்கருகே கொண்டுபோனார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார், சரியாகச் சொன்னால் என் நெற்றியைப் பார்த்தார். அங்கே அன்று காலை சாமி படத்துக்கு வைத்தபோது நானும் இட்டுக்கொண்ட சந்தனம் இருந்தது. ஆபீஸில் ஒரே சந்தன டப்பாதான்.

சார் கேட்டார், மழைக்கால ஈரமாக இருக்குமோ என்று.

"ஆமா சார், ஈரந்தான்" என்றார் மாரிச்செல்வம்.

கீழே கடையில் ஒரு ஷாம்பு பாக்கெட் வாங்கி வந்து, கிண்ணத்துத் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டார். சாரின் மூக்குக்கண்ணாடித் துணியைக் கேட்டு வாங்கினார். சிடியை நனைத்து, நடு ஓட்டையிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாகத் துடைத்தார். சுற்றித் தேய்க்கக் கூடாதாம். அறையில் ஆறு பேரும் சேர்ந்து படத்து சிடி வாடகைக்கு எடுத்து, எத்தனையோ கீறல் சிடிகளை இப்படி ஓட வைத்திருக்கிறார்களாம். சுத்தமாகிவிட்டது என்று நான் நினைத்த பிறகும் இரண்டு முறை ஜன்னலுக்குப் போய்ச் சாய்த்துப் பார்த்தார். ஓட்டையை ஒட்டிய வளையத்தில் இன்னும் ஒரு துணுக்கு இருக்கிறது என்றார், குங்குமம் என்ற பெயரை மட்டும் எடுக்கவில்லை. நானும் சாரும் மாறி மாறிப் பார்த்தும் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

"வண்டி மேல தூசியும் இப்படித்தான்க்கா. நேராப் பாத்தாத் தெரியாது, சாச்சுப் பாக்கணும்" என்றார் என்னிடம், மெதுவாக.

சிடி உள்ளே போனது. சுற்றியது. முனகல் இல்லை. பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. பாதி தாண்டியதும் நின்றது. கீழே டைல்ஸ் இறக்கிக்கொண்டிருந்தார்கள், யாரோ பார்த்து வை என்று சொன்னது கேட்டது. எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன், ஆனால் பொட்டு வைக்கிறேன் என்று மட்டும் வேண்டிக்கொள்ளவில்லை. கோடு லேசாக அசைந்தது. பிறகு ஓடத் தொடங்கியது. முடிந்தபோது சார் கடிகாரத்தைப் பார்த்தார். ராகு காலம் பார்க்காமல் போட்ட ஒரே சிடி அதுதான்.

இரண்டு வருடத்துக் கணக்கையும் ஏற்றினேன். தாக்கல் செய்கிற ஃபைல் சின்னது, எங்கள் நெட்டே அதைத் தாங்கியது. ஐந்து மணிக்கு ஒப்புகைச் சீட்டு இரண்டும் பிரிண்டரிலிருந்து சூடாக வந்தன. மாரிச்செல்வம் அவற்றை மடிக்கவில்லை. அட்டை ஒன்று கேட்டு வாங்கி நடுவில் வைத்துக்கொண்டார். "வாரேன்க்கா" என்றார். நான் படி வரைக்கும் போனேன். பொட்டு விஷயத்தைச் சொல்லிவிடத்தான் போனேன். அதற்குள் சார் உள்ளேயிருந்து கூப்பிட்டு சிடியைப் பத்திரமாக வைக்கச் சொன்னார். திரும்பி வந்து பார்த்தால் அவர் தெருமுனையில் ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டிருந்தார்.

அவர் போனார். ஒரு வருடம் இருந்துவிட்டு வந்தார். வந்ததும் ஜூலையில் ஒரு டப்பா சாக்லேட்டோடு படியேறி, அங்கே பனி விழுந்ததையும், தன் பிரிவில் ஒரு பெரியவர் வண்டியைத் தடவிப் பார்த்தே கீறலைச் சொன்னதையும் சொன்னார். நானும் சாரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜூலையும் வந்தார். கம்பெனிச் சட்டையின் நிறம் மாறி சூப்பர்வைசர் ஆனார். கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தார். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். அந்தச் சந்தனம் நான் வைத்தது, நீங்கள் தெரிந்துகொண்டே என்னைக் காப்பாற்றினீர்கள் என்று. ஒவ்வொரு தடவையும் சார் எதிரில் உட்கார்ந்திருப்பார். சரி, அடுத்த வருடம் என்று விட்டுவிடுவேன்.

அதற்கு நடுவில் ஒரு ஜூனில் சிடி வரவில்லை. கொரியர் அண்ணன் வேறு தபாலோடு வந்தவர், "இன்னாம்மா, இந்த வருசம் தட்டே காணோம்?" என்று கேட்டார். மெயிலில் ஒரு லிங்க்கும், மென்பொருளைத் திறக்க நீளமாக ஓர் எண்ணும் வந்திருந்தன. டைல்ஸ் கடை வரை புது நெட் வயர் வந்துவிட்டிருந்தது. இருபத்தோரு மணி நேரம் காட்டிய சமாச்சாரம் ஒரு டீ குடிப்பதற்குள் இறங்கியது. சாரும் நானும் அந்தக் கோட்டைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். நல்ல நேரம் பார்க்கவே மறந்துவிட்டோம். அந்த ஆயுத பூஜைக்கு சார் அந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்து சாமி முன்னால் வைத்தார். நான் அதற்குப் பொட்டு வைத்தேன், ஓரமாக, எண்ணில் படாமல்.

பிறகு சார் உடம்புக்கு முடியாமல் ஆபீசை மூடினார். நான் குன்றத்தூரில் வீட்டிலேயே ஆரம்பித்தேன். மாரிச்செல்வம் இங்கேயும் வந்தார். சார் எதிரில் இல்லாத முதல் ஜூலை அது. அன்று அவர் தன் குழந்தையைக் கூட்டி வந்திருந்தார். குழந்தை என் ஸ்டேப்ளரைப் பிடுங்கிக்கொண்டு ஓடியதில் பேச்சு எங்கெங்கோ போய்விட்டது.

இப்போது வரித் துறையின் தளத்தில் நுழைந்தால் சம்பளம், வட்டி, பிடித்த வரி எல்லாம் முன்பே நிரப்பி வைத்திருக்கிறார்கள். சரி என்று அழுத்தினால் போதும். முதல் தடவை பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. நான் நாலு மடிப்பை நிமிர்த்தி, எழுத்தெழுத்தாக ஏற்றியதெல்லாம் தானாக வந்து நிற்கிறது. என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் இப்போது போனிலேயே முடித்துக்கொள்கிறார்கள். அது நல்லதுதான். அவர்கள் பெயரை என் நோட்டிலிருந்து இன்னும் அடிக்காமல் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

போன ஜூலையில் மாரிச்செல்வம் வரும் நாளாயிற்றே என்று அவர் கணக்கை முன்கூட்டித் திறந்து வைக்கப் பார்த்தேன். எங்கள் தொழிலில் எல்லோருடைய பாஸ்வேர்டும் எங்கள் நோட்டில்தான் இருக்கும், நாங்கள்தானே போட்டுக் கொடுப்பது. அவருடையதை அந்தத் தூறல் நாளில் போட்டேன். இடையில் எத்தனை முறை மாற்றச் சொன்னாலும் கடைசி எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டே வந்தேன். அடித்தேன். தவறு என்றது. விரல் பிசகியிருக்கும் என்று பார்த்துப் பார்த்து மறுபடி அடித்தேன். தவறு என்றது. மூன்றாம் தடவை அடிக்கவில்லை.

அவரே மாற்றியிருக்கிறார். அவர் வராமலேயே ஜூலையும் முடிந்தது, அவரே தாக்கல் செய்திருக்கிறார். ஷிஃப்டுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்தபடி இரண்டு நிமிடத்தில் முடித்திருப்பார். முதலில் கோபம் வந்தது. அப்புறம் வெட்கம், அப்புறம் சந்தோஷம். தாக்கல் என்றால் என்னவென்றே தெரியாமல் வந்த மனிதர்.

போன் நம்பர் இருக்கிறது. அழைத்தால் எடுப்பார், என்னக்கா என்பார். இத்தனை வருடம் கழித்து, போனில், அந்தச் சந்தனத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது? எதிரில் உட்கார்ந்து, கணக்கு ஏறுகிற நேரத்தில் பேச்சோடு பேச்சாகச் சொல்லக்கூடியது அது. அவர் என் படியேறி வந்தாக வேண்டிய காலம் முழுக்க, அடுத்த ஜூலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் இருந்துவிட்டேன்.